இரண்டாவது சாட்சி

"பிறை தெரிஞ்சா நாளைக்குப் பெருநாள், ஸ்கூல் லீவு. தெரியலைன்னா நாளைக்குக் கணக்குப் பரீட்சை, பெருநாள் அதுக்கு மறுநாள். நீயே சொல்லு கரீமு, மலை ஏறலாமா வாணாமா?"

இப்படிக் கேட்ட தனகோட்டியின் கையில் நோன்புக் கஞ்சித் தூக்கு இருந்தது. நோன்பு வைத்திருந்தவர்கள் கரீமும் சைபுதீனும்தான். தனகோட்டி மதியம் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டவன். ஆனால் அந்த வருஷம் செஞ்சியில் ரம்ஜான் பிறையை அவனளவுக்கு ஆவலோடு எதிர்பார்த்தவர் வேறு யாருமில்லை.

எல்லாம் கணக்கு வாத்தியார் ஆதிமூலம் செய்த வேலை. எஸ்.எஸ்.எல்.சி. வகுப்பு மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா போகிறது. "நான் வெக்கிற பரீட்சையில பாஸாவாதவன் பஸ் படியில காலை வெக்கக் கூடாது" என்று பிரம்பை மேஜையில் தட்டிச் சொல்லிவிட்டார். மூன்று பேரும் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. கணக்குப் புத்தகத்தையும் ஏறக்குறைய அப்படித்தான். இன்னும் ஒரே ஒரு நாள் கிடைத்தால் விழுந்து புரண்டு பாஸாகிவிடலாம் என்று தனகோட்டி நம்பினான்.

ஊருக்குள் நின்றால் மேற்கு வானத்தைக் கோட்டை மலை மறைத்துவிடும். பிறை எட்டிப் பார்ப்பதற்குள் இறங்கிப் போய்விடும். அதனால் மூவரும் கோட்டையின் இன்னொரு குன்றான கிருஷ்ணகிரி மேல் ஏறினார்கள்.

உச்சிக்குப் போய்ச் சேர்ந்த சிறிது நேரத்தில் கீழே பள்ளிவாசலில் நகரா முரசு முழங்கியது. கரீமும் சைபுதீனும் பேரீச்சம்பழத்தைக் கடித்து நோன்பு திறந்தார்கள். தனகோட்டியும் கஞ்சிக்குக் கையை நீட்டினான்.

"நீ எந்த நோன்புடா வெச்ச?" என்றான் சைபுதீன்.

"தூக்கினு வந்தவன் நானு. கூலி குடுக்க மாட்டியா?"

கஞ்சி பாதிகூடக் காலியாகவில்லை. சைபுதீன் மேற்கே கையை நீட்டினான். "தோ, தெரியுது."

"ஆமாண்டா, எனக்குந் தெரியுது" என்று குதித்தான் தனகோட்டி. "கரீமு, பார்த்தியா?"

"எங்க?"

"அந்தப் பனை மரத்துக்கு நேர் மேல."

கரீம் கண்ணை இடுக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். "பனை மரம் எங்க?" என்றான்.

வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்தும் கரும்பலகையில் இருப்பதைப் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிறவன் கரீம். மலை ஏறும் அவசரத்தில் அது யாருக்கும் நினைவில்லை.

"போவட்டும். நீயும் நானும் பார்த்தாச்சு, வா சைபு, போய்ச் சொல்லிடலாம்."

"பள்ளிவாசல் அஜரத்து ரெண்டு முஸ்லிம் சாட்சி கேப்பாரு. நீ கணக்குல வர மாட்ட."

"கணக்குல நான் என்னைக்குடா வந்தேன்?" தனகோட்டி கரீமின் தோளைப் பிடித்துக்கொண்டான். "தெரிஞ்சுதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுடா. பிறை நிஜமாவே இருக்குதே."

"உனக்கு இருக்குது. எனக்கு இல்ல. இருபத்தொம்பது நாள் நோன்பு வெச்சுட்டுக் கடைசியில பொய் சொல்லச் சொல்றியா?"

"மாமல்லபுரம்டா. கடலுடா."

"எனக்கு மட்டும் ஆசை இல்லையா?" கரீம் மறுபடியும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வானத்தைத் துழாவினான். பிறை கீழே இறங்கிக்கொண்டிருந்தது. மற்ற இருவரும் அதையும் கரீமையும் மாறி மாறிப் பார்த்துத் தவித்தார்கள்.

"யாருடா அங்க?"

உச்சியிலிருந்த பழைய தானியக் களஞ்சியத்துச் சுவர்ப் பக்கமிருந்து வந்த குரலைக் கேட்டதும் தனகோட்டி கஞ்சித் தூக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க வந்து நின்றார் ஆதிமூலம் வாத்தியார்.

"நாளைக்குப் பரீட்சையை வெச்சுக்கினு மலை மேல இன்னாடா வேலை?"

மற்ற நேரமாக இருந்தால் தனகோட்டி நாலு பொய்யாவது சொல்லியிருப்பான். அவன் வாயைத் திறப்பதற்குள் சைபுதீன் உள்ளது உள்ளபடி ஒப்பித்தான். பிறை, லீவு, இரண்டு சாட்சி, கரீமின் கண் எல்லாவற்றையும் சொல்லி முடித்தான்.

வாத்தியார் மேற்கே திரும்பிப் பார்த்தார். பிறகு இவர்களைப் பார்த்தார்.

"தெரியலைன்னு சொன்னவன் யாரு?"

கரீம் ஓரடி முன்னால் வந்து, அடி வாங்கும் வழக்கப்படி உள்ளங்கையை நீட்டினான். வாத்தியார் அந்தக் கையைத் தள்ளிவிட்டார். தம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அவன் காதில் மாட்டினார்.

"இப்பப் பாரு."

கரீம் பார்த்தான். முகம் முழுக்கச் சிரிப்பாகிவிட்டது. "சார், தெரியுது சார். நகக்கீத்து மாதிரி இருக்குது. பனை மரமும் தெரியுது சார்."

"நல்லாத் தெரியுதா? அஜரத்துகிட்ட ஆணையா சொல்லுவியா?"

"சொல்லுவேன் சார்."

"அப்புறம் ஏன் இங்க நின்னுக்கினு இருக்கீங்க? ஓடுங்க. பார்த்து இறங்குங்க, கல்லு வழுக்கும்."

கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கரீமும் சைபுதீனும் பறந்தார்கள். தனகோட்டி மட்டும் நின்றுவிட்டான். ஒரு அடி, ஒரு திட்டுக்கூட இல்லாமல் இந்த மனிதர் விட்டதை அவனால் நம்ப முடியவில்லை.

"சார், நாங்க படிக்காம சுத்துறோம்னு பிடிக்கத்தான சார் இம்மாந்தூரம் ஏறி வந்தீங்க?"

வாத்தியார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பிறை இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"காலையில முதல் வேலையா ஹெட்மாஸ்டர் கேள்வித்தாளைக் கேப்பாருடா" என்றார் தணிந்த குரலில். "நான் இன்னும் ஒரு கணக்குக்கூட எழுதல."