பச்சை வட்டம்

சாப்பாட்டு ஆர்டரைக் கொண்டுபோகும் வழியில் லாரி மோதி இன்பராஜ் இறந்தான். உடம்பில் கம்பெனி டீசர்ட் இருந்தது. காரியம் முடிந்ததும் அவன் மனைவி சுகந்தி நஷ்டஈடு கேட்டு கம்பெனியில் போய் நின்றாள்.

"அவரு எங்க எம்ப்ளாயி இல்லம்மா, பார்ட்னர். இஷ்டம் இருந்தா வருவாரு, இல்லன்னா வரமாட்டாரு. நாங்க யாரையும் வேலைக்குக் கூப்பிடறதே இல்ல," என்றார் மேனேஜர்.

மறுநாள் காலையில் இன்பராஜின் செல்போன் வழக்கம்போலக் கத்தியது. வேலையைத் தொடங்க முகத்தைக் காட்டச் சொன்னது கம்பெனி ஆப். ஆள் அவன்தானா என்று பார்த்துவிட்டுத்தான் தினமும் ஆர்டர் கொடுக்கும்.

சுகந்திக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "கூப்பிடறதே இல்லையாமே! இந்தா, நல்லா பாத்துக்கோ உன் பார்ட்னர!" என்று போனை, மாலை போட்ட அவன் படத்துக்கு நேராக நீட்டினாள்.

படத்திலிருந்த முகத்தைச் சுற்றி ஒரு வெள்ளை வட்டம் விழுந்தது. 'கண் சிமிட்டவும்' என்றது போன்.

அவள் கையை இறக்குவதற்குள் வட்டம் பச்சையானது. 'வணக்கம் இன்பராஜ். முதல் ஆர்டர் தயார்.'

சுகந்தி ஓடிப்போய் வாசல் கதவைத் தாழிட்டு, அதன்மேல் முதுகைச் சாய்த்துக் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"போகாதீங்க," என்றாள்.