விடுப்புக் காரணம்: விருந்தினர்

பள்ளிக்கு விடுப்பு சொல்ல ஃபோன் செய்தால் இயந்திரம்தான் எடுக்கும். காரணம் கேட்டது.

"அம்மா வந்திருக்காங்க," என்றாள் இசைவாணியின் தாய் பேச்சியம்மாள். அம்மை என்று வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

"மகிழ்ச்சி. எத்தனை நாள் தங்குவார்?"

"அவங்களா இறங்குற வரைக்கும்."

விருந்தினர் என்று பதிந்துகொண்டது இயந்திரம். பதினொரு ஆண்டுகளாக அந்த நகரில் யாருக்கும் அம்மை வந்ததில்லை.

ஒன்பதாம் நாள் வகுப்பாசிரியை ஜெசிந்தா வகுப்பறையிலிருந்தே ஃபோன் செய்தாள். "உங்கம்மா இன்னும் ஊருக்குக் கிளம்பலையா?"

"எங்கம்மா போய்ச் சேந்து ஆறு வருஷமாச்சே டீச்சர். புள்ளைக்குத்தான் முத்துப் போட்டிருந்துச்சு. தடுப்பூசி போட்ட உடம்பு, நாலே நாலுதான். இன்னைக்கு மூணாந்தண்ணி ஊத்திட்டோம்."

ஜெசிந்தா மெதுவாகத் திரும்பினாள். இசைவாணியின் காலி நாற்காலிக்குப் பக்கத்தில் நஸ்ரின் உட்கார்ந்திருந்தாள். புற்றுநோய்க்கு மருந்து ஏறும் உடம்பு என்பதால் வகுப்பில் அவள் ஒருத்திக்கு மட்டும் அந்த ஊசி போடவில்லை. மற்றவர்கள் போட்டிருப்பதுதான் அவளுக்குக் காவல்.

"நஸ்ரின், என்னடா பண்ற?"

"காலையிலேர்ந்து கழுத்து அரிக்குது, டீச்சர்."