முன்பாதி மட்டும்

“முன்பாதி மட்டும் போதும்க்கா. பின்பாதிய நீங்களே வச்சுக்கங்க. முழு வண்டிக்கும் விலை தர்றேன்.”

“முன்பாதிய வச்சு என்ன பண்ணுவ?”

“சுவத்துல மாட்டுவேன். ஹெட்லைட்ட எரியவிட்டா, காப்பி குடிக்க வர்றவங்க பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துப்பாங்க.”

சுரேந்தர் புதிதாகக் காப்பிக் கடை திறக்கப்போகிறவன். பழைய ஸ்கூட்டர்கள் விற்கும் அமலோற்பவத்தின் கடைக்குள் நுழைந்ததுமே, ஒரு வெளிர்பச்சை ஸ்கூட்டரின் இடுப்பில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டான். வெட்டவேண்டிய இடம் அது. அவள் முந்தானையால் அந்தக் கோட்டை அழுத்தித் துடைத்தாள்.

“ஓடுற வண்டிய வெட்டக் குடுக்க மாட்டேன்.”

“இது ஓடுதா? போன வாரம் நீங்க இத வேர்க்க விறுவிறுக்கத் தள்ளிட்டு வந்தத நான் பாத்தேனே.”

“இப்ப ஸ்டார்ட் ஆகலேன்னா எடுத்துட்டுப் போ. காசே வேணாம்.”

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உதைத்தாள். வண்டி இருமக்கூட இல்லை. மறுபடி உதைத்ததில் செருப்பு வார் அறுந்தது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலால் உதைத்தாள். சுரேந்தர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இரும்பு வெட்டுகிறவருக்குப் போன் செய்து உடனே வரச்சொன்னான்.

அமலோற்பவம் வண்டியை விட்டு நகரவில்லை. சில நாள் ஓடாமல் நின்றுவிட்டால், ஒருபக்கமாக நன்றாகச் சாய்த்தால்தான் இந்த வண்டிகளில் பெட்ரோல் எஞ்சினுக்கு இறங்கும். இவ்வளவு கனத்தை ஒருத்தியாகச் சாய்த்தால் வண்டி அவள் மேலேயே விழும். கடையில் வேறு யாரும் இல்லை.

கிக்கரில் வெறுங்காலை ஊன்றியபடியே நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

“தம்பி, கொஞ்சம் உன் பக்கமாச் சாய்ச்சுப் பிடியேன்.”