இடது சிறுநீரகம்

1983 மழைக்காலத்தில் கொச்சி மட்டாஞ்சேரி மிருக வைத்தியர் வெங்கிடேஸ்வரன் ஒரு பூனையின் இடது சிறுநீரகத்தை எடுத்தார். அதில் புற்றுக்கட்டி. அதன் தூண்டுதலால் ரத்தம் பெருகி, பூனையின் ஈறுகள் கன்றிச் சிவந்திருந்தன. ரத்தத்தில் நூற்றுக்கு நாற்பது பங்கு இருக்கவேண்டிய சிவப்பணு எழுபத்தொன்று இருந்தது. அறுவைக்குப் பின் முப்பத்தெட்டுக்கு இறங்கியது.

ஆறாவது வாரம், கிடங்கில் சுக்கு புடைக்கும் சீனியம்மாள் தன் பூனையை மறுபடி தூக்கிவந்தாள்.

"வாயெல்லாம் திரும்பச் செவந்துபோச்சு, டாக்டரய்யா. எனக்குன்னு இவன் ஒருத்தன்தான்."

ரத்தத்தில் சிவப்பணு மறுபடி எழுபத்தொன்று. வயிற்றின் இடப்பக்கத்தை அழுத்திய விரலில் கட்டி தட்டுப்பட்டது.

"அங்க ஒண்ணும் இருக்கப்படாதே. நான்தானே எடுத்தேன்" என்றார் அவர்.

அன்று மதியமே வயிற்றைத் திறந்தார். எடுத்த இடத்தில் சிறுநீரகம் இருந்தது, கட்டியோடு. போன தடவை ரத்தக்குழாயைக் கட்டிய ஒரே கறுப்புப் பட்டுநூல் முடிச்சைத் தேடினார். மூன்று முடிச்சுகள் இருந்தன. அவர் இடக்கைக்காரர், அவர் போடும் முடிச்சு எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். மூன்றும் அப்படித்தான் திரும்பியிருந்தன. ஒன்று வெளுத்து, சதைக்குள் பாதி புதைந்திருந்தது.

இந்தப் பூனையை அவர் ஒரே ஒரு முறைதான் அறுத்திருந்தார்.

"அய்யா, உசுரு இருக்கா?" வெளியிலிருந்து சீனியம்மாள் கேட்டாள்.

"இருக்கு."

மறுபடியும் ரத்தக்குழாயைக் கட்டிச் சிறுநீரகத்தை எடுத்தார். நான்காவது முடிச்சு மற்ற மூன்றையும் போலவே விழுந்தது.

சாயங்காலம் பூனை பால் குடித்தது.

"இனிமே வராதில்ல, அய்யா?"

அவர் குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார்.