முதல் கார் எது சார்?

2025 ஆகஸ்ட் 24, ஞாயிற்றுக்கிழமை. பிளக்-இன் ஹைப்ரிட் கார் வாங்கி மூன்று மாதங்கள் ஆகியும், அதைப் பற்றி முறையான கேள்வி ஒன்றைக் கேட்கக்கூடிய மனிதர் பொன்னமராவதியில் ஒருவரும் இல்லை என்பதே செந்தமிழனின் மனக்குறை.

பெட்ரோலிலும் ஓடும், வீட்டு மின்சாரத்தில் சார்ஜ் ஏற்றினாலும் ஓடும் என்று அவன் விளக்கத் தொடங்கினால், "மைலேஜ் எம்புட்டு?" என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டினார்கள். ஜல்லி கிரஷர் முதலாளி ஒருவன் இந்த அலட்சியத்தை எத்தனை நாள்தான் பொறுப்பான்?

ஆகவே, கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டேப்லெட்டுமாக ஓர் இளம்பெண் ஸ்கூட்டரில் வந்து இறங்கியபோது அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

"திருச்சி கம்பெனியிலேர்ந்து வாரேன் சார். பிளக்-இன் ஹைப்ரிட் வச்சிருக்கவங்களைப் பத்தி ஒரு சர்வே. ஒங்க வயசு, இதுக்கு முன்னாடி என்னென்ன கார் வச்சிருந்தீங்க, அம்புட்டுதான்."

"வாங்க மேடம், இங்கிட்டு ஃபேனுக்குக் கீழ ஒக்காருங்க!" என்றான். அவள் பெயரைக் கேட்க வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த அவன் தாய் செங்கமலம், அவனை அடுப்படிக்கு இழுத்துச் சென்றாள்.

"டேய், யாரு கேட்டாலும் வயசு முப்பத்தாறுதான். வெள்ளிக்கிழமை கீரனூருக்குப் பொண்ணு பார்க்கப் போறோம். இதுவும் தட்டிப்போச்சுன்னா, அப்புறம் நீ அந்தக் காருக்குத்தான் தாலி கட்டணும்."

அவள் அஞ்சியதில் நியாயம் இருந்தது. செந்தமிழனுக்கு நாற்பத்தெட்டு வயது. முந்தைய இடங்கள் எல்லாம் அதைக் கேட்டே பின்வாங்கியதால், கீரனூருக்கு அனுப்பிய ஜாதகத்தில் கிரகங்களையெல்லாம் பன்னிரண்டு ஆண்டுகள் நகர்த்தி வைத்திருந்தார்கள். தலைமுடியின் கருமையும் அதே கணக்கில் வாங்கியதுதான். பெண் வீட்டாரோ படம்கூட அனுப்பாமல், நேரில் வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

செங்கமலம் காப்பியோடு வந்தாள். "குடிம்மா. வெயில்ல வந்திருக்க."

"வேணாங்கம்மா."

"தண்ணியாச்சும் குடி."

"இருக்கட்டுங்க." நெற்றி வியர்வையைத் துப்பட்டாவால் ஒற்றிக்கொண்டாளே தவிர, அவள் எதையும் தொடவில்லை.

"கம்பெனி ரூல் போல" என்று முணுமுணுத்தபடி செங்கமலம் டம்ளரைத் திரும்ப எடுத்துச் சென்றாள்.

"வயசு சார்?"

"முப்பத்தாறு." ஒப்பித்தது போலச் சொன்னான்.

"வாரத்துக்கு எத்தனை தடவை சார்ஜ் போடுவீங்க?"

"சார்ஜா? அந்த வயரு டிக்கியில கவர் பிரிக்காமக் கெடக்கு. பெட்ரோல்தான் ஊத்துறேன்."

"பெறகு எதுக்கு சார் பிளக் வச்ச காரு?"

"இப்ப இளவட்டங்க எல்லாம் இதைத்தானே மேடம் வாங்குறோம்!"

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தாள். "சரிங்க. ஒங்க முதல் காரு எது சார்?"

கேள்வி என்றால் இதுவன்றோ கேள்வி! செந்தமிழன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"கான்டெசா. புத்தம் புதுசு. தொண்ணூத்தேழுல லைசென்ஸ் எடுத்தேன், அதே மாசம் வண்டியையும் எடுத்தேன். இந்தத் தாலுகாவுலயே அப்ப வேற ஆளுகிட்ட கெடையாது."

அடுப்படியில் ஒரு பாத்திரம் உருண்டது.

"ஒங்க அப்பா ஓட்டுனதுங்களா சார்?" என்று அவள் மிகவும் பணிவாகக் கேட்டாள்.

"ஆமாம்மா, அவங்க அப்பாதான்!" என்று செங்கமலம் உள்ளேயிருந்தே கூவினாள்.

மானமுள்ள எந்தக் கார்க்காரன் இதைப் பொறுப்பான்? "சும்மா இரும்மா! அவருக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாது. நான் ஓட்டுனது மேடம். திருச்சி வரைக்கும் தனியாளா! அந்த வண்டி வந்து நின்னா காலேஜ் வாசல்ல கூட்டம் கூடும்."

"காலேஜ் வாசல்லயா?"

"பின்ன? கடைசி வருசம் படிச்சேன். படிப்பு முடிச்சு கிரஷரைக் கையில எடுத்ததும் குவாலிஸ். அப்புறம் ஸ்கார்ப்பியோ, அப்புறம் இன்னோவா. எல்லாம் எம் பேருலதான். நம்பர்கூட மறக்கல, சொல்லட்டுமா?"

"வேணாங்க சார், போதும்."

செங்கமலம் நிலைப்படியில் வந்து நின்று கண்ணைக் காட்டினாள், கையைக் காட்டினாள், இறுதியில் தலையிலேயே அடித்துக்கொண்டாள். அவன் பார்வையோ, வாசலில் பளபளத்த காரைவிட்டு நகரவில்லை. வாழ்நாளில் முதன்முறையாகத் தன்னை ஒருவர் முழுமையாகப் புரிந்துகொண்டார் என்ற நிறைவு அவன் முகத்தில் பொங்கியது.

அவள் எழுந்து, செங்கமலத்தை நோக்கிக் கை கூப்பிவிட்டு, ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

"வேற எதுவும் கேக்கணுமா மேடம்?" என்று செந்தமிழன் வாசல்வரை வந்து ஆவலோடு விசாரித்தான்.

"எல்லாம் கேட்டாச்சுங்க. வெள்ளிக்கிழமை பொண்ணு பார்க்க வர வேணாம், எங்க அப்பாகிட்ட நானே சொல்லிக்கிறேன்."