பேர் சொன்னால் திரும்பும் யானை

யானைகள் குடிப்பதற்காக மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

விடுதியின் மரத்தளத்தில், மெத்தை போட்ட நாற்காலியில் உட்கார்ந்தபடி வகேஷோ அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கீழே குட்டையில் தண்ணீர் தளும்பியது. அவள் ஊர்க் குழாயில் கடைசியாக எப்போது தண்ணீர் வந்தது என்று அவளுக்கு நினைவில்லை.

"மோட்டார் வச்சு ஊத்துறாங்கடி," என்றாள் பக்கத்திலிருந்த மஜாலாவிடம். "நம்ம குடத்துக்கு இல்ல. அதுங்களுக்கு."

"வாயை மூடிட்டு கேக்கைத் தின்னு. நாளைக்கு மறுபடியும் கூழுதான்."

இருவரும் சகல்லா மலையடிவாரத்தில், சரணாலயத்தின் எல்லையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் கால் வைத்தது இதுதான் முதல் தடவை. யானைகளோடு அனுசரித்து வாழக் கற்றுக்கொடுக்கிறோம் என்று ஒரு தொண்டு நிறுவனம் ஊர்ப் பெண்களை வேனில் ஏற்றி சஃபாரிக்குக் கூட்டி வந்திருந்தது. வரமாட்டேன் என்றவளை மஜாலாதான் இழுத்து வந்திருந்தாள். ஒரு நாளாவது வீட்டை விட்டு வெளியே வாடி என்று.

வந்ததிலிருந்து வகேஷோவுக்கு எதைப் பார்த்தாலும் பற்றிக்கொண்டு வந்தது.

முகம் துடைத்துக்கொள்ள வாசலிலேயே நீட்டிய குளிர்ந்த துண்டு. அறையில் கல்யாணப் பெண்ணின் முக்காடு மாதிரித் தொங்கிய கொசுவலை. விடுதியைச் சுற்றிலும் மின்வேலி. இங்கே தூங்க வருகிறவர்களுக்கு மின்சாரம் பாய்கிற வேலி. அவளுடைய சோளத்துக்கு வெறும் முள்.

"அம்மா, கொஞ்சம் சிரிங்க." நைரோபியிலிருந்து வந்திருந்த அமைப்பாளர் நியோகாபி செல்போனை உயர்த்தினாள். "முதல் சஃபாரி இல்லையா!"

"அதுங்க எங்க வீட்டுக்கு தினம் சஃபாரி வருது. ஒரு நாளாவது சிரிச்சுதா?"

மஜாலாவுக்குப் புரையேறியது. நியோகாபியும் சிரித்தாள். வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டாள்.

அப்போதுதான் புதர்களை விலக்கிக்கொண்டு அது வந்தது.

தனி ஆண் யானை. செம்மண்ணில் புரண்டு புரண்டு செங்கல் நிறமாகியிருந்தது. இடது தந்தம் பாதியில் முறிந்திருந்தது.

மஜாலா இருமுவதை நிறுத்தினாள். வகேஷோவின் முழங்கையைப் பிடித்தாள்.

"உள்ள போயிரலாம், வாடி."

வகேஷோ அசையவில்லை.

தளத்திலிருந்த வெள்ளைக்காரர்கள் எல்லாரும் எழுந்து கைப்பிடி ஓரம் ஓடினார்கள். ஒரு சிறுமி துள்ளிக் குதித்தாள். "முவாம்புரி! முவாம்புரி!"

வகேஷோ மெதுவாகத் திரும்பி விடுதியின் வழிகாட்டி முதிஸ்யாவைப் பார்த்தாள்.

"அந்தப் பொண்ணு என்ன சொல்லுது?"

"அதோட பேரும்மா," என்றான் முதிஸ்யா பெருமையாக. "இங்க எல்லாருக்கும் செல்லம். பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பாக்கும்."

"யாரு வச்ச பேரு?"

"ரெண்டு மாசம் முன்னால நான் வேலைக்குச் சேர்றப்பவே அதான் பேரு. உங்க பக்கத்து ஆளு யாரோவாம். முவாம்புரியோட யானைன்னு சமையல்காரங்க சொல்லிட்டு இருந்தாங்களாம். போகப் போக யானை உதிர்ந்துபோயி முவாம்புரி மட்டும் நின்னுருச்சு."

அதையே அவன் இங்கிலீஷிலும் சொன்னான். சிறுமியின் தாய் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு ஏதோ சொன்னாள்.

"அந்த மனுஷனுக்கு இது மேல எவ்வளவு பாசம் இருந்திருக்கணும்ங்கிறாங்க," என்று நியோகாபி எடுத்துச் சொன்னாள்.

வகேஷோ எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"மாத்து."

"என்னம்மா?"

"பேரை மாத்து. இப்பவே மாத்து."

முதிஸ்யா குரலைத் தணித்தான். "அம்மா, சோளத்தைத் தின்னுருச்சேன்னு கோபம், புரியுது. ஆனா அது வாயில்லா ஜீவன். யாரு வயலுன்னு அதுக்குத் தெரியுமா?"

"வாயில்லாததுக்குப் பேரு மட்டும் எதுக்குடா? வேணும்னா உங்கப்பன் பேரை வை!"

அவன் முகம் சுருங்கியது. "விருந்தாளிங்க பாக்குறாங்கம்மா. உக்காருங்க."

விருந்தாளிகள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். முதல் தடவை யானை பார்க்கிற சந்தோஷத்தில் அந்த அம்மாள் கூச்சல் போடுவதாக நினைத்து அவர்கள் புன்னகை செய்தார்கள். சிறுமி ஓடி வந்து வகேஷோவின் கையைப் பிடித்துக் கைப்பிடி ஓரம் இழுத்துப் போனாள். கூப்பிடு, கூப்பிடு என்று யானையைக் காட்டினாள்.

"வேணாம்," என்றாள் மஜாலா. யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

வகேஷோ கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். அவளுக்குத் தெரிந்த அத்தனை வசவும் தொண்டைக்கு வந்து நின்றது. சிறுமியின் விரலை உதறிவிட்டு வாயைத் திறந்தாள்.

வந்தது அந்தப் பேர்தான்.

வசவாக வரவில்லை. கிழங்கு வெந்தாயிற்று, ஆறிப்போகிறது, வா என்று அடுப்படியிலிருந்து வயலைப் பார்த்துக் குரல் கொடுப்பாளே, அந்தக் குரலில் வந்தது.

போன அறுவடைக்கு முன்னால் ஒரு விடியற்காலையில், தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு சோளத்துக்குள் ஓடிய புருஷனை, போகாதே என்று முள்வேலி வரை ஓடிப்போய் அந்தப் பேர் சொல்லிக் கத்தியிருந்தாள். முவாம்புரி திரும்பிப் பார்க்கவில்லை. மிதிபட்ட சோளத்தோடு சோளமாக அவனை அள்ளித்தான் எடுத்து வந்தார்கள். அதற்குப் பிறகு இன்றுவரை அவள் வாயில் அந்தப் பேர் வந்ததே இல்லை.

குட்டையில் யானை குடிப்பதை நிறுத்தியது. தும்பிக்கையிலிருந்து தண்ணீர் சொட்ட, தலையைத் திருப்பி அவளைப் பார்த்தது.

தளத்தில் எல்லாரும் கைதட்டினார்கள்.