கைமணம்

ஆர்லிஸ் பையின் வாயைப் பிரித்து மனைவி நெல்டாவின் மூக்கருகே நீட்டினான்.

உள்ளே தூண்டிலில் கோக்கும் ஊதா நிற ரப்பர் புழுக்கள் எண்ணெயில் ஊறி, ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன.

சோம்பு தூக்கலாக இருக்கிறது, பூண்டு கொஞ்சம் அடங்கிப்போயிருக்கிறது, பரவாயில்லை என்றாள். அவன் தலையாட்டிவிட்டுப் பையை மூடினான்.

அலபாமாவின் குளிர்காலம் சிறியது. அந்தச் சிறிய குளிர்காலத்தில் வந்த காய்ச்சல் அவன் மூக்கை எடுத்துக்கொண்டு போயிருந்தது. அதன் பிறகு ஏரிக்கு வரும்போதெல்லாம் புழுக்களை முகர்ந்து சொல்வது அவள் வேலை.

காப்பி அவனுக்கு வெறும் சுடுதண்ணீர். வறுத்த பன்றி இறைச்சி உப்புப் போட்ட அட்டை. வாசனை திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். ஆர்லிஸ் புலம்பவில்லை. ஒரே ஒரு தடவை, மழைக்கு முன்னால் ஏரி எப்படி மணக்கும் என்பது மறந்துவிடும் போலிருக்கிறது என்றான்.

அன்றிலிருந்து நெல்டா தேவாலயத்தில் வேறெதையும் கேட்பதில்லை.

ஆனால் அந்த மூக்கு திரும்பி வந்தால் முதலில் மாட்டிக்கொள்வது அவள்தான்.

பாஸ் மீன் ரப்பர் புழுவைக் கவ்விய உடனே பொய்யென்று கண்டுபிடித்துத் துப்பிவிடும். புழுவில் நல்ல மணம் இருந்தால் துப்புவதற்கு முன் ஒரு நொடி யோசிக்கும். அந்த நொடியில்தான் இழுக்க வேண்டும். மனுஷ வாடை பட்டுவிட்டால் அந்த நொடியும் கிடையாது.

இது ஆர்லிஸின் வேதம். படகுக்கு பெட்ரோலை முந்தின நாளே போட்டுவிடுவான். ஏரிக்கு வரும் நாளில் சோப்பு ஆகாது, கரைச் சேற்றை அள்ளித்தான் கை கழுவ வேண்டும். நெல்டாவின் ரோஜாக் களிம்பைப் படகில் நினைத்துப் பார்க்கவும் கூடாது.

அவளோ கோழி ஆலையில் ஐஸ் தண்ணீரில் கைவைத்தே பாதி வயதைக் கழித்தவள். காலைக் காற்று பட்டால் போதும், விரல் கணுக்கள் வெடித்து இரத்தம் கசியும். கல்யாணமான நாளிலிருந்து ஏரிக்கு அந்தக் கையோடுதான் வந்தாள்.

காய்ச்சலுக்குப் பிறகு ஒரு நாள், கணுக்களில் மட்டும் அந்தக் களிம்பைத் துளி தடவிக்கொண்டு வந்தாள். ஆர்லிஸ் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் இரண்டு கை நிறைய. படகே பூக்கடை மாதிரி மணந்தது. அவன் முன்னால் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. தூங்குகிறவன் பையில் கைவிட்டது போலக் கூச்சமாகவும் இருந்தது. மூக்கு திரும்புகிற அன்றைக்கே இந்தக் குப்பியைத் தூக்கிப் போட்டுவிடுகிறேன் என்று நேர்ந்துகொண்டாள்.

வினோதம் என்னவென்றால், அவள் புழுவை மீன்கள் துப்பவில்லை.

படகுத்துறையில் பக்கத்து வீட்டு ஹோய்ட் இரண்டு பேருடைய மீனையும் எட்டிப் பார்த்தான். "சமைச்சுப் போடுறதும் அவ, பிடிச்சுப் போடுறதும் அவ. நீ எதுக்குக் கூட வர்ற ஆர்லிஸ், பேச்சுத் துணைக்கா?" என்றான். ஆர்லிஸ் சிரித்துக்கொண்டே கயிற்றைக் கட்டினான்.

ஈஸ்டர் விருந்தில் அவன் பன்றித் தொடைக்கறியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்றான். தன் மனம் நோகக்கூடாதென்று தின்கிறான் என்றே அவள் நினைத்தாள்.

மறுநாள் ஏரியில், விரல்கள் மரத்துப்போகின்றன, புழுவைக் கோக்க வரவில்லை, நீயே கோத்துக் கொடு என்று தூண்டிலை நீட்டினான்.

முதலில் மூக்கு, இப்போது விரலா என்று அவள் பயந்தாள். தூண்டிலை வாங்கிக் கோத்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து அவன் புழுவையும் அவள்தான் கோக்கிறாள்.

இன்று பனி விலகும் நேரத்தில் ஆர்லிஸின் தூண்டில் வளைந்தது. பெரிய மீன். படகோரம் வரை வந்து, ஒரு திமிறு திமிறி, தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு போனது.

அவன் பெட்டியிலிருந்து புது முள்ளை எடுத்தான். தலைமுடி போன்ற நரம்பைக் கண்ணாடி போடாமலேயே முள்ளின் காதில் நுழைத்தான். சுற்றினான், முடிந்தான், எச்சில் தொட்டு இறுக்கினான், மிச்சத்தைக் கடித்துத் துப்பினான்.

கண் மூடித் திறப்பதற்குள்.

பிறகு முள்ளையும் ஒரு புழுவையும் அவளிடம் நீட்டினான்.

நெல்டா வாங்கவில்லை. அந்த விரல்களையே பார்த்தாள்.

"மரத்துப்போச்சுன்னியே, கிழவா."

ஆர்லிஸின் காது மடல் சிவந்தது. தண்ணீரைப் பார்த்தபடி தொண்டையைச் செருமினான்.

"இன்னிக்கு ரோஜா கம்மியா இருக்கு, நெல்டா. இன்னும் கொஞ்சம் தடவிக்கிட்டுக் கோத்துக் குடு."

படகிலிருந்து அவனைத் தள்ளிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

குப்பி கோட்டுப் பையில்தான் இருந்தது. நேர்ந்துகொண்டது நினைவுக்கு வந்தது. மூடியைத் திருகினாள். கணு கணுவாக, அவசரமில்லாமல் தடவிக்கொண்டு, புழுவை முள்ளில் ஏற்றினாள்.

எப்போதிலிருந்து என்று அவள் கேட்கவில்லை. தூண்டிலைக் கொடுக்கும்போது, இன்றைக்கு மழை வருமா என்று மட்டும் கேட்டாள்.

ஆர்லிஸ் வானத்தைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை ஆழமாக உள்ளே இழுத்தான்.